சயாமுக்குப் போனவர்களும் ஹிரோஷிமாவில் இருந்தவர்களும்

வாசகர் கேள்வி – பதில்

ஆகஸ்ட் மாதம் பிறந்தாலே ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்குக் கூடுதலாக வரும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை அணுகுண்டைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதம் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்தே வந்தது. அதற்கான பதில் நீண்டுவிட்டதற்குக் காரணம், அந்த வீட்டில் நடந்த வாக்குவாதம் இந்த நாட்டில் பல தமிழர் வீடுகளில் நடக்க வேண்டிய ஒன்று என்று நான் கருதுவதே.

கேள்வி: ஐயா, என் பாட்டிக்கு 94 வயது. ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம். போர் முடிந்து சில மாதங்கள் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாராம். “அந்தக் குண்டைப் போட்டவன் நல்லா இருக்கணும், இல்லைன்னா எங்கப்பா வந்திருக்க மாட்டார்” என்று பாட்டி இன்றும் சொல்வார். படிவம் 5 படிக்கும் என் மகனோ, அணுகுண்டு போட்டது போர்க்குற்றம் என்று அவரிடமே வாதாடுகிறான். யார் சொல்வது சரி? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் பாட்டியை யாரும் திருத்தப் புறப்பட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வது பதினான்கு வயதில் அவர் கண்ணால் கண்டது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஜப்பானிய ராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்த அந்தப் பாதையில், நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கும் மேல் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதைப்போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர்கள். கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள்; இறந்தவர் பெயரை ஒளித்துவைத்தாவது எழுதிக்கொண்டார்கள். நம்மவர்களுக்குக் காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இருந்தன, எழுதிவைக்க ஆள் இல்லை. காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன; அவற்றில் நம் தோட்டத்து ஆள்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். பாதை முடிந்த பிறகும் மரம் வெட்டவும், குண்டுவீச்சில் உடைந்த பாலங்களைச் செப்பனிடவும் பலரை அங்கேயே நிறுத்திவைத்திருந்தார்கள். போர் முடிந்ததால்தான் அவர்கள் திரும்பினார்கள் என்பது உண்மை.

பாட்டியின் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. மலாயாவைப் படையெடுத்து மீட்க பிரிட்டிஷார் ‘சிப்பர்’ என்ற பெயரில் ஒரு பெரிய தரையிறக்கத்தைத் திட்டமிட்டிருந்தார்கள். ஜப்பான் சரணடைந்த பிறகு, அந்தப் படைகள் 1945 செப்டம்பர் 9ஆம் நாள் மோரிப் கடற்கரையில் சண்டையே இல்லாமல் இறங்கின. வாகனங்கள் சேற்றில் புதைந்ததுதான் அவர்களுக்கு நேர்ந்த பெரிய தொல்லை. போர் நீடித்திருந்தால் அந்தச் சேற்றில் இரத்தம் கலந்திருக்கும்; பின்வாங்கும் ராணுவம் வழியிலிருந்த தோட்டங்களையும் கம்பங்களையும் என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஜப்பானியப் பிடியில் இருந்த ஆசியாவில் போர் நீண்ட ஒவ்வொரு மாதமும் பல்லாயிரம் உயிர்களைக் கேட்டது. ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசும் மேலைநாட்டார் அமெரிக்கச் சிப்பாய்களின் உயிரையும் ஜப்பானியப் பொதுமக்களின் உயிரையும் மட்டுமே தராசில் வைக்கிறார்கள். மூன்றாவது தட்டு ஒன்று உண்டு, அதில் நாம் இருந்தோம்.

ஆனால் போர் முடிந்ததற்கு அணுகுண்டுதான் காரணமா என்பது வேறு கேள்வி. அதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா அழிந்தது. 8ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஜப்பான்மீது போர் அறிவித்து, மறுநாள் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. அதே 9ஆம் நாள் நாகசாகி. அன்றிரவு வரை ஜப்பானின் உச்சப் போர்க்குழுவின் ஆறு பேரும் மூவர் மூவராகப் பிரிந்தே நின்றார்கள். பேரரசர் ஹிரோஹிட்டோ சொன்ன பிறகே முடிவு பிறந்தது. 15ஆம் நாள் மக்களுக்கு ஒலிபரப்பிய உரையில் அவர் “கொடிய புதிய குண்டு” ஒன்றைக் குறிப்பிட்டார். இரண்டு நாள் கழித்துப் படைவீரர்களுக்கு விடுத்த ஆணையில் குண்டைப் பற்றிப் பேசாமல் சோவியத் நுழைவைக் காரணம் காட்டினார். அமெரிக்க அரசே அமைத்த குண்டுவீச்சு ஆய்வுக்குழு 1946இல், அணுகுண்டு வீசப்படாவிட்டாலும் 1945 முடிவதற்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்று எழுதியது. அந்தக் குழுவின் கணிப்பை மறுப்பவர்களும் வலுவான சான்றுகளோடு மறுக்கிறார்கள். என் வாசிப்பில் குண்டும் சோவியத் படையும் சேர்ந்தே அந்த முடிவைக் கொண்டுவந்தன. ஒன்றை மட்டும் தனியே பிரித்து எடுத்து அதற்கு மாலை போட முடியாது.

இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். அவர்களில் உங்கள் கொள்ளுத்தாத்தாவைச் சயாமுக்கு ஏற்றி அனுப்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த நகரில் ராணுவத் தலைமையகம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் குறி ராணுவ முகாம் அன்று. நகரின் நடுவில் ‘T’ எழுத்து வடிவில் கிடந்த அயோய் பாலம். அன்று காலை, வான்தாக்குதல் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வழி ஏற்படுத்தும் வேலைக்கு ஆயிரக்கணக்கான இடைநிலைப்பள்ளி மாணவர்களை நகருக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் அவர்களில் ஒருவனுடைய உணவுப்பெட்டி இருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவன். மகனைத் தேடி அலைந்த தாய், மூன்றாம் நாள், அந்தப் பெட்டியை வயிற்றுக்கு அடியில் அணைத்தபடி கிடந்த உடலைக் கண்டுபிடித்தார். பெட்டிக்குள் இருந்த சோறு அப்படியே கரிக்கட்டியாகியிருந்தது. விடியற்காலையில் பால் வெட்டுக்குப் போகும் அம்மா பிள்ளைக்குச் சோறு கட்டிவைத்துவிட்டுப் போன காலத்தில் வளர்ந்தவன் நான். அந்தப் பெட்டியின் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று என்னால் வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை.

உங்கள் பாட்டி கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லாத செய்தி ஒன்றும் உண்டு. அந்தக் குண்டின் கீழ் பல்லாயிரம் கொரியர்களும் இருந்தார்கள். ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் கட்டுமான வேலைகளுக்கும் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். நம்மைச் சயாமுக்கு இழுத்துப் போன அதே கைதான் அவர்களை ஹிரோஷிமாவுக்கு இழுத்துப் போனது. அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் வைக்கப்பட்டது. உள்ளே இடம் பெற 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒப்பானவர்கள் யார் என்று கேட்டால், குண்டு போட்டவர்கள் அல்லர். குண்டின் கீழ் கிடந்த அந்தக் கொரியத் தொழிலாளர்கள்தான் என்பேன். இதைப் பாட்டியிடம் வாதமாகச் சொல்லாமல், ஒரு மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து கதையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

போர்க்குற்றம் என்ற சொல்லைப் பொறுத்தவரை, எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் இதற்காக எவரையும் விசாரிக்கவில்லை. ஆனால் 1963இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், உயிர் தப்பியவர்கள் தொடுத்த வழக்கில், அவ்விரு குண்டுவீச்சுகளும் அன்றிருந்த போர்ச்சட்டங்களுக்கே முரணானவை என்று தீர்ப்பளித்தது. உங்கள் மகன் தேர்வில் எழுதுவதென்றால் இந்தத் தீர்ப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டியின் நிம்மதி உண்மையானது. அந்த நிம்மதியைக் குண்டுக்குச் சாட்சி சொல்ல அழைப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஹிரோஷிமாவுக்குப் பிறகு மூன்றே நாளில் நாகசாகிமீதும் ஏன் வீசினார்கள்? (பீடோர்)

பதில்: யாரும் புதிதாக முடிவெடுக்கவில்லை என்பதே இதில் என்னை மிகவும் வருத்துவது. ஜூலை 25ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணை, முதல் குண்டை ஆகஸ்ட் 3க்குப் பிறகு வானிலை பார்த்து வீசவும், அடுத்தவற்றை அவை தயாராகத் தயாராக வீசவும் முன்கூட்டியே அனுமதித்திருந்தது. இரண்டாம் குண்டு 11ஆம் நாளுக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. வானிலை கெடும் என்று தெரிந்ததால் 9ஆம் நாளுக்கு முன்தள்ளினார்கள். ஹிரோஷிமாவில் நடந்ததை ஜப்பானிய அரசு ஆராய்ந்து முடிப்பதற்கே அவகாசம் இருக்கவில்லை. அன்று முதல் குறி கொக்குரா நகரம். மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் மூன்று முறை சுற்றிவிட்டு நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11:02க்கு, கிறிஸ்தவர்கள் நிறைந்து வாழ்ந்த உராகாமிப் பள்ளத்தாக்கின்மேல் குண்டு வெடித்தது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 70,000 பேர் இறந்தார்கள். இனித் தம் நேரடி அனுமதி இல்லாமல் அடுத்த குண்டை வீசக் கூடாது என்று அதிபர் ட்ரூமன் சொன்னது மறுநாள்தான். முதல் குண்டுக்காவது வாதம் பேசுவதற்கு இடமிருக்கிறது. இரண்டாவதற்கு நியாயம் தேடித் தேடி நான் தோற்றுப்போனேன்.

கேள்வி: அணுகுண்டில் மலாயாக்காரர்கள் யாராவது சிக்கினார்களா? (பாகான் செராய்)

பதில்: சிக்கினார்கள். தான் கைப்பற்றிய நாடுகளிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஜப்பான் தன் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. அப்படிப் போய் 1945இல் ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்தவர்களில் மலாயாவைச் சேர்ந்த மூவர் இருந்தார்கள்: கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோப், ஜொகூரைச் சேர்ந்த சையட் ஓமார், பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரசாக். நிக் யூசோப் ஹிரோஷிமாவிலேயே இறந்தார். சையட் ஓமார் வெளிக்காயம் பெரிதாக இல்லாமல் தப்பியவர்போல் இருந்தார். ரயிலில் போகும் வழியில் உடல் குலைந்து, கியோத்தோ மருத்துவமனையில் செப்டம்பர் தொடக்கத்தில் உயிர் நீத்தார். அவருடைய அடக்கத்தலம் இன்றும் கியோத்தோவில் ஒரு பௌத்தக் கோயிலின் வளாகத்தில் பேணப்படுகிறது. பல்கலைக்கழகக் கட்டடம் இடிந்து விழுந்ததில் சிக்கி மீண்ட அப்துல் ரசாக் நாடு திரும்பி ஆசிரியரானார். கிழக்கை நோக்கும் கொள்கை வந்தபோது மாரா தொழில்நுட்பக் கழகத்தில் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி கற்பித்தார். 2013இல் காலமானார். தன் உடலைச் சுட்ட நாளைச் சுமந்துகொண்டே அந்த நாட்டின் மொழியை அன்போடு கற்பித்தவரை, நம் பள்ளிப்பிள்ளைகள் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: செர்னோபிலில் இன்றும் மக்கள் குடியிருக்க முடியவில்லை. ஹிரோஷிமாவில் மட்டும் எப்படி வாழ்கிறார்கள்? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கூலிம்)

பதில்: வேறுபாடு பொருளின் அளவிலும் வெடித்த உயரத்திலும் இருக்கிறது. ஹிரோஷிமா குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ. அதில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே பிளவுபட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் கதிரியக்கத் துகள்களில் பெரும்பகுதி வெப்பக்காற்றோடு மேலேறிப் பரந்து சிதறியது. ஒரு பகுதி நகரின் மேற்கே கருமழையாக இறங்கியது. செர்னோபிலிலோ, டன் கணக்கில் எரிபொருள் கொண்ட உலை தரையிலேயே வெடித்துப் பத்து நாள் எரிந்தது. சீசியம் போன்ற நீண்டகால நஞ்சுகள் மண்ணிலேயே படிந்துவிட்டன.

ஆகவே ஹிரோஷிமா மண் இன்று நஞ்சல்ல. ஆனால் அதை வைத்து அந்தக் குண்டை இலேசானது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. வெடித்த நொடியில் பாய்ந்த கதிர்கள், காயமே இல்லாதவர்களையும் இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிர்ந்து, ஈறுகளில் இரத்தம் கசிந்து சாகவைத்தன. இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகள் கழித்து, குறிப்பாகக் குழந்தைகளாக இருந்தவர்களிடம் தலைதூக்கியது; மற்றப் புற்றுநோய்கள் அதற்கும் பல ஆண்டுகள் கழித்து வந்தன. அவர்களுடைய பிள்ளைகளிடம் பரம்பரைப் பாதிப்பு கூடியதாக இதுவரை ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. இருந்தும் ‘ஹிபாகுஷா’ எனப்படும் அந்த மக்களுக்குப் பெண் கொடுக்கவும் வேலை கொடுக்கவும் ஜப்பானியச் சமூகமே நெடுங்காலம் தயங்கியது.

உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி: எரிந்த மண்ணில் இனி எதுவும் முளைக்காது என்ற பேச்சு பரவியிருந்த காலத்தில், ஹிரோஷிமாவில் முந்திப் பூத்தவற்றில் ஒன்று அரளி. அதையே அந்த நகரம் தன் மலராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் வேலியோரம் நிற்கிறதே, அதே அரளிதான்.

கேள்வி: இவையெல்லாம் எண்பது ஆண்டுக்கு முந்திய கதை. வல்லரசுகள் அடித்துக்கொண்டால், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற எங்களுக்கு அதனால் என்ன? (சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, கதை முடிந்துவிடவில்லை. இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, ஹிரோஷிமா குண்டைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் வலிமை கொண்டவை. நாகசாகிக்குப் பிறகு போரில் ஒன்றுகூட வீசப்படவில்லை என்பது மனிதகுலம் தேடிக்கொண்ட பெரும்பேறு. ஆனால் அது எப்போதும் அறிவால் மட்டுமே காக்கப்படவில்லை. 1962 அக்டோபர் 27ஆம் நாள், கியூபாவுக்கு அருகே ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில், நீருக்கடியில் பாயும் அணு ஆயுத டார்ப்பிடோவைச் செலுத்தக் கப்பல் தலைவர் முனைந்தபோது, வாசிலி அர்க்கிப்போவ் என்ற அதிகாரி இணங்க மறுத்தார். 1983 செப்டம்பரில், அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் கணினி எச்சரித்தபோது, பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பிழையென்று கணித்துப் பொறுமை காத்தார். இருமுறையும் உலகம் ஒரு தனிமனிதரின் நிதானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். சோற்றிலிருந்தே தொடங்குவோம். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. எல்லாரும் விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசிக்குத் திரும்ப, கடை அடுக்குகள் காலியாயின. ஒரே ஓர் அரசின் ஓர் ஆணைக்கே நம் அடுக்களை அப்படி ஆடியது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான நூறு குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வீசினால், எரியும் நகரங்களிலிருந்து சுமார் 50 லட்சம் டன் கரிப்புகை மேல்வானில் ஏறி, பல ஆண்டுகள் வெயிலை மங்கவைத்து, விளைச்சலைக் குறைக்கும் என்று வானிலை அறிவியலாளர்கள் 2007இலேயே கணித்துக் காட்டினார்கள். நாம் வாங்கும் அரிசி அவ்விரு நாடுகளிலிருந்தும் தாய்லாந்து, வியட்நாமிலிருந்தும் வருகிறது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக் கப்பல் நின்றதும் தோட்டமே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வீங்கியதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் நாடு இதில் கைகட்டி நிற்கவில்லை என்பதைப் பெருமையோடு எழுதுகிறேன். அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவது பொதுவாகப் போர்ச்சட்டத்துக்கு முரணானது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1996இல் கருத்துரைத்தது. நாடு அழியும் நிலையில் தற்காப்புக்காகப் பயன்படுத்துவதைப் பற்றி மட்டும் அது முடிவு சொல்லவில்லை. அந்தக் கருத்துரையைச் செயல்படுத்தக் கோரி ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் தீர்மானம் கொண்டுவரும் பணியை மலேசியா முன்னின்று செய்தது. தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக அறிவித்த 1995ஆம் ஆண்டு பேங்காக் ஒப்பந்தத்திலும் நாம் இருக்கிறோம். அணு ஆயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையை 2017இல் 122 நாடுகள் வாக்களித்து ஏற்றன. மலேசியா 2020 செப்டம்பரில் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் அதில் சேரவில்லை. அமெரிக்காவின் அணு ஆயுதப் பாதுகாப்பை நம்பியிருக்கும் ஜப்பானும் சேரவில்லை. 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நிஹோன் ஹிடான்கியோ, அதாவது அணுகுண்டில் உயிர் தப்பிய முதியவர்களின் அமைப்பு, தன் அரசிடமே அந்தக் கையெழுத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஹிரோஷிமாவில் காலை மணி 8:15க்குக் குண்டு வெடித்தது என்று படித்தேன். அப்போது மலாயாவில் மணி என்ன? (ஐந்தாம் ஆண்டு மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: மிக நல்ல கேள்வி, அம்மா. இங்கேயும் மணி 8:15தான். மலாயாவைப் பிடித்ததும் ஜப்பானியர் நம் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கடிகாரத்தைத் திருப்பலாம், சூரியனைத் திருப்ப முடியாதல்லவா? அதனால் ஹிரோஷிமாவில் பள்ளிப்பிள்ளைகள் வெயிலில் வேலையைத் தொடங்கிவிட்டிருந்த அந்த நிமிடத்தில், சுங்கை சிப்புட்டில் பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.